அழுகைக் கிடாயின் விலை

நாச்சிமுத்து, சுப்புராஜுக்கு இருபத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தார். ஒரு வெள்ளாட்டுக் கிடாயின் விலை அது. 1951 சித்திரையில் பட்ட கடன். கொடுக்க வக்கில்லாமல் நின்ற கடன் அல்ல. கொடுக்கப் போனபோதெல்லாம் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பப்பட்ட கடன். அதனால்தான் அது அவர் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பெருமாள்மலையில் பஸ் நிற்கும் முக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய ஆட்டுப்பட்டி. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஆடு பிடித்து, வத்தலக்குண்டு வரை லாரியில் ஏற்றி, அங்கிருந்து மலைப்பாதையில் ஓட்டிவந்து, கொடைக்கானல் கறிக்கடைகளுக்கும் பள்ளிக்கூட விடுதிகளுக்கும் கொடுப்பார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஆட்டின் இடுப்பில் மூன்று விரலை வைத்து அமுக்கினார் என்றால் கறி எத்தனை ராத்தல் தேறும் என்று சொல்லிவிடுவார். தராசில் போட்டுப் பார்த்தால் கால் ராத்தல்கூட முன்னே பின்னே இருக்காது. காலேஜ் படித்தவன் எவனாவது அதைச் செய்யட்டும், பார்க்கலாம்.

“தன் கைய ஊனித்தான் கரணம் போடணும். நான் போட்டவன். எனக்கு அப்பன் சொத்தும் கெடையாது, மாமனார் சீதனமும் கெடையாது” என்பார்.

இந்தப் பேச்சை எடுத்தாலே கொடைக்கானல் கடைவீதியில் கறிக்கடை வைத்திருந்த தஸ்தகீர் குறுக்கே விழுவார். “ஆமாண்ணே, கை உங்களுதுதான். ஊனுன தரைதான் சுப்புராசு அண்ணனோடது.”

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சிவந்துபோகும்.

சுப்புராஜ் நாடகக்காரன். நாச்சிமுத்துவின் மனைவி விசாலாட்சிக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. ஊர் ஊராகச் சுற்றும் கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று விசாலாட்சியின் அப்பா பிடிவாதமாக நின்றதால்தான், காப்பித் தோட்டத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு அவள் வாய்த்தாள். ‘கூத்தாடிக்கு மூட்டைக்காரன் தேவலை’ என்று கொடுக்கப்பட்ட பெண். அந்த ‘தேவலை’ நாச்சிமுத்துவை நெடுங்காலம் அரித்தது.

மலையின் கீழ்ச்சரிவில் கரடிப்பாறை என்று ஓர் ஊர். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை மழை வேண்டி வேட்டைராஜா நாடகம் போடுவார்கள். மான் என்று நினைத்துப் புதருக்குள் அம்பு விட்ட ராஜா, விழுந்து கிடப்பது தன் மகன் என்று கண்டு அழுவதுதான் கதை. அந்த அழுகைக்கென்று ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தல் காலில் ஒரு கிடாயைக் கட்டியிருப்பார்கள். ராஜா வேஷக்காரன் அழுது, ஊர்ப் பெரியதனக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டால் கிடாய் அவனுக்கு. துடைக்காவிட்டால் பேசிய சம்பளத்தோடு அவன் நடையைக் கட்ட வேண்டியதுதான். அதற்குப் பெயரே அழுகைக் கிடாய்.

1951-இல் சுப்புராஜ் முதல்முறையாக அந்த வேஷம் கட்டினான். பெரியதனக்காரர் துண்டைப் பிழிந்தார் என்று ஊரே சொன்னது. மறுநாள் காலையில் கிடாயைக் கையில் பிடித்துக்கொண்டு, பெருமாள்மலையில் நாச்சிமுத்து குடியிருந்த தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கல்யாணமாகி மூன்று மாதம். தோட்டத்தில் வேலை நின்று, அடுப்பு ஒரு வேளை எரிந்த காலம் அது.

“வச்சுக்கங்கண்ணே. நாடோடிப் பயலுக்கு ஆடு எதுக்கு?”

“ஓசியில வாங்க நான் என்ன பிச்சக்காரனா? வெலையச் சொல்லு.”

“சந்தையில என்ன வெலையோ, அதுதான்.”

“இருவத்திரெண்டு ரூவா. ஆறு மாசத்துல எண்ணி வச்சிருவேன்.”

சுப்புராஜ் சிரித்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கயிற்றைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

நாச்சிமுத்து அன்று மதியமே அந்தக் கிடாயைக் கொடைக்கானலுக்கு நடத்திக்கொண்டு போய்த் தஸ்தகீரிடம் முப்பத்தொரு ரூபாய்க்கு விற்றார். அந்தப் பணத்தில் இரண்டு இளங்கிடாய். அவற்றை விற்று நான்கு. பாம்பு கடிக்காமல், குளிரில் சாகாமல், ஏமாற்றுக்காரன் கையில் சிக்காமல் அந்த நான்கை நாற்பதாக்கியது யார்? நாச்சிமுத்துவா, சுப்புராஜா? ஊருக்கு அது கணக்கில்லை. முதல் கயிறு யார் கையிலிருந்து வந்தது என்பதை மட்டும் ஊர் மறக்காது.

சொன்னபடி ஆறாம் மாதம் பணத்தோடு போனார்.

“இருக்கட்டும்ண்ணே, இப்ப என்ன அவசரம்?” என்றான் சுப்புராஜ்.

மறுவருஷமும் போனார். “உங்ககிட்ட இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன?” என்றான். அதற்கடுத்த வருஷம் பணத்தை அவன் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஒரு லாரி டிரைவர் மூலமாக அது அப்படியே திரும்பி வந்தது. நோட்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

நாச்சிமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். வாங்காத வரைக்கும், தான் கொடுத்த ஆட்டில் பிழைத்தவன் இவன் என்று காலத்துக்கும் நாச்சிமுத்துவின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம். இருபத்திரண்டு ரூபாயில் இவ்வளவு பெரிய பாத்தியதையை எந்தச் செட்டியார் வாங்கியிருக்கிறார்?

போதாததற்கு விசாலாட்சி வேறு. கரடிப்பாறை நாடகம் என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். ராஜா அழத் தொடங்குமுன்பே இவள் அழத் தொடங்கியிருப்பாள். நாச்சிமுத்துவுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சினாள், கால் பிடித்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அரிதாரம் பூசியவனின் பொய் மகன் செத்ததற்கு முந்தானை நனைகிறது. அவனை ‘மச்சான்’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். கட்டிய புருஷனுக்கு வெறும் ‘ஏங்க’.

“அப்படி என்னத்தப் பாடிப்புட்டான்னு இந்த அழுக அழுவுற?”

“பாட்டக் கேட்டா அழுக வருது. வந்தா என்ன செய்யச் சொல்றீங்க?”

“எனக்கு வரலயே!”

“உங்களுக்கு ஆட்டு வெலை ஏறுனாத்தான் சிரிப்பு வரும், எறங்குனாத்தான் அழுக வரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

1958-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தஸ்தகீர் கடையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தபோது சேனாதிபதி வாத்தியார் கறி வாங்க வந்தார். விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியார். பழனிக்காரர், மனிதர் சாது. அவர் கையில் அழகாக அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்களாம்.

“என்ன நாடகங்கய்யா?” என்றார் நாச்சிமுத்து.

“டிராஜடி. துக்கமா முடியிற நாடகம். ராஜா கெட்டு, குடும்பம் கெட்டு, கடைசியில எல்லாரும் அழுவாங்க.”

“பேப்பர்லயும் அந்தச் சொல்லு வருமே? போன மாசம் மலைப்பாதையில பஸ் உருண்டப்பகூட, டிராஜடின்னு போட்டிருக்குன்னு ஓட்டல்ல வாசிச்சாங்க” என்றார் தஸ்தகீர்.

“வரும். முதல்ல நாடகத்துக்கு வச்ச பேரு, அப்புறம் நெசமான துக்கத்துக்கும் ஆயிருச்சு. ஆனா அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நாச்சிமுத்து, நீங்கதான் இதக் கேக்கணும். கிரேக்க பாஷையில அதுக்கு அர்த்தம், ஆட்டுப்பாட்டு.”

நாச்சிமுத்து உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். “ஆடா? நம்ம ஆடா?”

“நம்ம வெள்ளாட்டுக் கிடாதான். டிராகோஸ்னா கிடா. ஓடேன்னா பாட்டு. ரெண்டும் சேந்துதான் டிராஜடி.”

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. பார்த்தாயா! மூவாயிரம் வருஷமோ ரெண்டாயிரம் வருஷமோ, வெள்ளைக்காரன் துக்கத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது ஆட்டுப்பட்டிக்குத்தான் வந்திருக்கிறான். முதலில் ஆடு, அதற்குப் பிறகுதான் பாட்டு.

“அதெப்படிங்கய்யா, துக்கத்துக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதுதான் யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆட்டப் பலி குடுக்கையில சுத்தி நின்னு பாடுனதுங்கிறாங்க சிலரு. ஆட்டு வேஷம் கட்டி ஆடுனாங்கன்னு சிலரு. போட்டியில ஜெயிச்ச பாட்டுக்காரனுக்கு ஆடு பரிசா…”

வாத்தியார் முடிக்கவில்லை. தஸ்தகீர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். “அல்லா! அப்ப நம்ம சுப்புராசு அண்ணனுக்குக் குடுத்தது கிரேக்க தேசத்து வழக்கமா? அழுகைக் கிடாவே அங்கேருந்து வந்ததுதானா?”

“என்ன கிடா?” என்று வாத்தியார் கேட்க, கடையே சேர்ந்து கதை சொன்னது. கரடிப்பாறை, பெரியதனக்காரரின் துண்டு, கயிறு, முப்பத்தொரு ரூபாய், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் வாத்தியார் நாச்சிமுத்துவை வேறு கண்ணோடு பார்த்தார்.

“அப்ப நீங்க பொழைக்கிறதே டிராஜடிலன்னு சொல்லுங்க.”

அவர் நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் கடையில் எழுந்த சிரிப்பு ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். நாச்சிமுத்து அன்று பாக்கி வாங்காமலே இறங்கி வந்தார். இதுவரை ஊர்தான் சுப்புராஜ் பக்கம் நின்றது. இப்போது இங்கிலீஷும் சேர்ந்துகொண்டது. கடல் தாண்டி, காலம் தாண்டி, யாரோ கிரேக்கன் அந்தக் கூத்தாடிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அவ்வளவுதான். இனி பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார். காசாகக் கொடுத்தால்தானே வாங்க மாட்டான்? ஆடாகப் பட்ட கடனை ஆடாகவே தீர்ப்பது. அதுவும் அந்தக் கரடிப்பாறையில், அதே ஊர் பார்க்க.

அடுத்த சித்திரையில் ஒட்டன்சத்திரம் சந்தையை மூன்று வாரம் சலித்து ஒரு கிடாயைப் பிடித்தார். கருங்கிடாய். கொம்பு முறுக்கு ஒவ்வொன்றும் கைப்பிடி கனம். நாற்பத்தைந்து ரூபாய், பேரம் பேசாமல் கொடுத்தார். கொம்பில் மஞ்சள், கழுத்தில் மாலை. விசாலாட்சியையும் கூட்டிக்கொண்டு சாயங்கால வெயிலில் கரடிப்பாறைப் பந்தலுக்குள் நுழைந்தபோது சுப்புராஜ் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியிருந்தான்.

“தம்பி, எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு கிடா குடுத்த. இந்தா, அதுக்குப் பதில் கிடா. அதவிடப் பெருசு. வட்டியும் சேத்துக்க. ஊரு சாட்சி.”

ஊர் கூடிவிட்டது. பெரியதனக்காரர் கிடாயைச் சுற்றி வந்து பார்த்தார். சுப்புராஜ் எழுந்து வந்து அதன் நெற்றியைத் தடவினான்.

“நல்ல உருப்படிண்ணே. ஆனா நான் வாங்கப்படாது.”

“ஏன் வாங்கப்படாது?”

“வாங்கப்படாதுண்ணே” என்று மறுபடியும் அதையே சொன்னான். பிறகு பெரியதனக்காரர் பக்கம் திரும்பினான். “பெரியவங்களே, இந்த வருசம் ஊருக் கிடா நோஞ்சானா இருக்குன்னு வருத்தப்பட்டீங்களே? அண்ணன் ஊருக்குக் கொண்டாந்திருக்காரு. கட்டிப்புடுங்க.”

“ஆகா! தாராள மனசுய்யா!” என்றார் பெரியதனக்காரர். நாச்சிமுத்து வாயைத் திறக்குமுன் கருங்கிடாய் பந்தல் காலில் கட்டியாகிவிட்டது. சால்வை ஒன்று அவர் தோளில் விழுந்துவிட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு ‘இது ஊருக்கு இல்லை’ என்று எந்த மனுஷன் சொல்ல முடியும்?

விடியும் நேரத்தில் ராஜா புதருக்குள் போய் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாச்சிமுத்து முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுப்புராஜ் உடனே பாடவில்லை. மகன் உடம்பிலிருந்து அம்பை உருவப் போனான், உருவ முடியாமல் கையை எடுத்துக்கொண்டான், மறுபடியும் போனான். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறிவருவதுபோல் மெல்ல ஏறிவந்து, பந்தல் முழுக்கத் தளும்பியது. விசாலாட்சி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பெரியதனக்காரர் துண்டைத் தேடினார். நாச்சிமுத்துவின் கண்ணிலும் ஏதோ ஓடியது. பெட்ரோமாக்ஸ் புகை. அந்த ஊரில் மட்ட எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

காலையில் ஊரார் கருங்கிடாயை அவிழ்த்துச் சுப்புராஜிடம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் அது பெருமாள்மலைக்கு வந்து சேர்ந்தது, கழுத்து மாலைகூட வாடியபடி அப்படியே இருந்தது. ஓட்டிவந்த ஆள் சொன்னான்: “சுப்புராசு அண்ணன் உங்க பட்டியில விடச் சொன்னாரு. வெலையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்னாரு.”

ஒரு கிடாய்க் கடனைத் தீர்க்கப் போய் இரண்டு கிடாய்க்குக் கடன்காரனாகத் திரும்பியவர் பழனி மலைத்தொடரிலேயே நாச்சிமுத்து ஒருவர்தான். தஸ்தகீர் இதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் சிரித்தார். இருபத்திரண்டும் நாற்பத்தைந்தும், அறுபத்தேழு. அந்த அறுபத்தேழு ரூபாயைத் தனியாக ஒரு மஞ்சள் பையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்தார் நாச்சிமுத்து. பட்டினி கிடந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று சத்தியம்.

பிறகொரு நாள் சேனாதிபதி வாத்தியாரைப் பஸ் நிற்கும் முக்கில் பிடித்தார்.

“அய்யா, ஒரு சந்தேகம். கிரேக்க தேசத்துல ஜெயிச்ச பாட்டுக்காரன் அந்த ஆட்ட என்ன பண்ணினான்? வித்தானா, வளத்தானா, அடிச்சுத் தின்னானா?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தன வருசம் பாடம் சொல்லிக் குடுக்கிறேன். இத ஒரு பய கேக்கல. புத்தகத்துலயும் போடல, நாச்சிமுத்து.”

“அதானே! முக்கியமான சங்கதிய விட்டுப்புட்டு எழுதுனா அது என்னங்கய்யா புத்தகம்?”

ராத்தல் போய் கிலோ வந்தது. தகரக் கொட்டகை ஓட்டு வீடானது. நாச்சிமுத்து சொந்தமாக லாரி வாங்கி, நெற்றியில் தன் பெயரை எழுதிவைத்தார். சுப்புராஜ் வருஷா வருஷம் கரடிப்பாறையில் அழுதுகொண்டிருந்தான். கிடைத்த கிடாய்களை வழியில் கண்ட ஏழைபாழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான் என்று கேள்வி. அதைக் கேட்கும்போதும் நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. விலை வாங்காமல் கொடுக்கிறவனுக்குத்தான் ஊரில் என்ன மதிப்பு!

1965 ஆவணியில் ஒரு காலை. தஸ்தகீர் ஆடு பொறுக்கப் பட்டிக்கு வந்திருந்தார். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓர் ஆள் மேடேறி வந்தான். கிட்டே வந்த பிறகுதான் சுப்புராஜ் என்று தெரிந்தது. இளைத்திருந்தான்.

“வாப்பா. என்ன, அதிசயமா இருக்கு?”

சுப்புராஜ் ஏதோ சொன்னான். துருத்தியில் ஓட்டை விழுந்தாற்போல் வெறும் காற்றுதான் வந்தது. குளிர் தொண்டையில் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாச்சிமுத்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“அந்த இருவத்திரெண்டு ரூவா… இப்ப குடுத்தீங்கன்னா வாங்கிக்கிருவேன்ணே.”

நாச்சிமுத்துவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பதினான்கு வருஷம்! “பாய்! கேட்டீங்களா பாய்? அவனே கேக்குறான். நீங்கதான் சாட்சி. ஏலே சுப்புராசு, இருவத்திரெண்டு இல்லடா, அறுவத்தேழு. கருங்கிடாவும் சேத்து. ஒரு தம்பிடி கொறைக்க மாட்டேன்.” உள்ளே ஓடி மஞ்சள் பையை எடுத்து வந்தார். விசாலாட்சி பின்னாலேயே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இத்தன வருசமும் மூஞ்சியில அடிச்ச மாதிரித் திருப்பித் திருப்பி அனுப்புனியே, இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே பையின் கயிற்றை அவிழ்த்தார்.

சுப்புராஜ் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான். “அழுகைக் கிடாய்க்கு வெலை வாங்கப்படாதுண்ணே. எங்க நாடக வாத்தியார் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குவாரு. ராசா வேசம் கட்டுறவன் அதுக்குக் காசு வாங்கினா, மகனோட சாவ வித்த மாதிரி. சம்பளம் வாங்கலாம். கிடாயச் சும்மா குடுக்கலாம். வெலை வாங்குனா அதோட அழுக வராது.”

“அதுக்குப் பதில் கிடாயுமா?”

“அதுவும் வெலைதானண்ணே.”

“இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா!”

“வெளிய சொல்லப்படாது. இப்பச் சொல்லலாம். வேசத்தக் கலைச்சாச்சு.”

விசாலாட்சி நிலையைவிட்டு நகராமலே கேட்டாள். “மருதை ஆசுபத்திரியில என்ன சொன்னாங்க மச்சான்?”

சுப்புராஜ் மப்ளரைக் கொஞ்சம் இறக்கினான். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் தையல் போட்ட காயம் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. “உசுருக்குப் பயமில்லைன்னாங்க. பாட்டு மட்டும்…” என்று கையை விரித்தான்.

அவள் அழவில்லை. உள்ளே போனாள். அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. தஸ்தகீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து பையின் வாயைத் திரும்பவும் சுருக்கிக் கட்டினார்.

“இப்ப என்ன அவசரம்? இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா என்ன, உங்கிட்ட இருந்தா என்ன?”

“குடுங்கண்ணே.”

“ஏலே, மருதை டாக்டரு என்ன கடவுளா? வேலூர்ல பெரிய ஆசுபத்திரி இருக்குங்கிறாங்க. நம்ம லாரியிலயே போவோம். செலவு என் பொறுப்பு. சித்திரைக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு. பாடிப் பாத்துட்டு வந்து அப்புறமா வாங்கிக்க.”

“எல்லாம் பாத்தாச்சுண்ணே. டீக்கடை ஒண்ணு பேசியிருக்கேன், வத்தலக்குண்டு பஸ்டாண்டுல. அட்வான்சுக்கு இருவது ரூவா கொறையுது.”

“இருவது என்ன, ஐநூறு தாரேன். வச்சுக்க. இந்தப் பணத்த மட்டும் கேக்காத.”

“ஓசியில வாங்க நான் என்ன பிச்சக்காரனாண்ணே?” என்றான் சுப்புராஜ். முகத்தில் சிரிப்பு இருந்தது. “வெலையக் குடுங்க.”

கையை நீட்டினான். மகனின் நெஞ்சிலிருந்து அம்பை உருவப் போய் உருவ முடியாமல் திரும்பிய அதே கை. இப்போது நடுங்காமல் நின்றது. நாச்சிமுத்து தஸ்தகீரைப் பார்த்தார். தஸ்தகீர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையைத் திரும்ப அவிழ்த்தார். சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு கட்டுக் கட்டாக எண்ணுகிறவர், ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்து வைத்தார். பத்து. இருபது. முப்பது. நாற்பதில் கணக்குத் தவறிவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து எண்ணினார். சுப்புராஜ் கையை மடக்காமல் காத்திருந்தான். அறுபது ஆனது. பிறகு ஒரு ரூபாய் நோட்டுகள்: அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. உள்ளே சுக்குக் காப்பி கொதிக்கும் வாசம் வந்தது. அறுபத்துநான்கு, அறுபத்தைந்து, அறுபத்தாறு. கடைசி ரூபாயை அவன் உள்ளங்கையில் வைத்தவருக்கு, அதன்மேலிருந்து தன் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.